டயலில் உள்ள எண்ணும் மூளைக்குப் போய்ச் சேரும் எண்ணும்: சுவாச மயக்க வாயுக்களைப் புதிதாகக் கையாள்வோருக்கு

மயக்கவியல் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பட்டமேற்படிப்பு மாணவர்களானாலும் தொழில்நுட்ப உதவியாளர்களானாலும், அறுவை அரங்கில் முதலில் உற்றுப் பார்ப்பது, திரவ மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் கருவியான வேப்பரைசரின் டயலைத்தான். டயல் 2-இல் நின்றால் நோயாளிக்கு 2 சதவீதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த 2 என்பது வேப்பரைசரை விட்டு வெளியேறும் வாயுவின் செறிவு மட்டுமே. அது குழாய்ச் சுற்றில் ஏற்கெனவே இருக்கும் வாயுவோடு கலந்து, நுரையீரலின் காற்றறைகளை அடைந்து, இரத்தத்தில் கரைந்து, மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பங்கை இழக்கிறது. மயக்கத்தை உண்டாக்குவது மூளையில் அந்த வாயுவுக்கு இருக்கும் பகுதி அழுத்தம், அதாவது அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம். டயல் அதை நமக்குச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை வாயு செல்லும் அதே வழியில், சிலிண்டரில் தொடங்கி நோயாளி கண் விழிக்கும்வரை செல்கிறது. இது மேற்பார்வையில் பயிற்சி பெறுவோருக்காக எழுதப்பட்டது. மூத்த மயக்க மருத்துவர் அருகில் இல்லாமல் இதில் எதையும் தனியே செய்து பார்க்கக் கூடாது.

முதல் படி: சிலிண்டரையும் வேப்பரைசரையும் அறிந்துகொள்ளுங்கள்

நாம் பயன்படுத்துபவை இரண்டு வகை. நைட்ரஸ் ஆக்சைடு அறை வெப்பநிலையில் வாயு. அழுத்தத்தால் திரவமாக்கிச் சிலிண்டரில் அடைத்து வைக்கிறார்கள். ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன், பழைய ஹாலோத்தேன் ஆகியவை பாட்டிலில் வரும் திரவங்கள். வேப்பரைசர் அவற்றை ஆவியாக்கி அளவோடு கலந்து தருகிறது.

இந்தியாவில் ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளுமாக இருக்கும்; நைட்ரஸ் ஆக்சைடு நீலம். ஆக்சிஜன் சிலிண்டரின் அழுத்தமானி உள்ளதை உள்ளபடி சொல்லும்: அழுத்தம் பாதியானால் வாயுவும் பாதி. நைட்ரஸ் ஆக்சைடு அப்படியல்ல. உள்ளே திரவம் இருக்கும்வரை, வெளியேறிய வாயுவுக்கு ஈடாகத் திரவம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், முள் 20 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 745 பி.எஸ்.ஐ.-யில் அசையாமல் நிற்கும். திரவம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் அது இறங்கத் தொடங்கும். அப்போது ஏறத்தாழ கால் பங்கே மிஞ்சியிருக்கும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையில், காலையில் முள் நிறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு மாற்றுச் சிலிண்டரைச் சோதிக்காமல் விட்டேன். இரண்டாவது அறுவையின் நடுவில் முள் சடசடவென்று இறங்கியது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, செவோஃப்ளூரேனைக் கூட்டிச் சமாளித்தோம். ஆனாலும் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்பதை எடைபோட்டுத்தான் அறிய முடியும் என்ற பாடத்தை அதன்பின் நான் மறந்ததில்லை.

வேப்பரைசர்களுக்கும் நிறம் உண்டு: ஐசோஃப்ளூரேனுக்கு ஊதா, செவோஃப்ளூரேனுக்கு மஞ்சள், டெஸ்ஃப்ளூரேனுக்கு நீலம், ஹாலோத்தேனுக்குச் சிவப்பு. இதை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். 20 டிகிரியில் செவோஃப்ளூரேனின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 160 மில்லிமீட்டர் பாதரசம், ஐசோஃப்ளூரேனுடையது 240. மஞ்சள் வேப்பரைசரில் யாரோ தவறி ஐசோஃப்ளூரேனை ஊற்றிவிட்டு டயலை 2-இல் வைத்தால், வெளியே வருவது 3 சதவீதத்தையும் தாண்டும். ஐசோஃப்ளூரேன் செவோஃப்ளூரேனைவிட வீரியமும் மிக்கது; ஆகவே நோயாளி பெறுவது நினைத்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி வடிவத்தில் நிரப்பும் சாவி வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான். அது பொருந்தவில்லையென்றால் பலவந்தம் செய்யாமல் பாட்டிலின் பெயரைத் திரும்பப் படியுங்கள்.

டெஸ்ஃப்ளூரேன் ஒரு தனி ரகம். அது ஏறத்தாழ 23 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிரூட்டி நின்றுபோன அறையில் பாட்டிலைத் திறந்தால் கண்ணெதிரே பொங்கும். எனவே அதற்கான வேப்பரைசர் மின்சாரத்தால் 39 டிகிரிவரை சூடாக்கப்பட்டு, உள்ளே ஏறத்தாழ இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் வைக்கப்பட்டிருக்கும். பிளக்கைச் செருகிச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அவசர அறுவைக்கு அவசரமாகத் திறக்க அது இடம் தராது.

ஆக்சிஜன் 25 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி நைட்ரஸ் ஆக்சைடின் குமிழோடு அதைப் பிணைத்து வைக்கும் ஏற்பாடு இன்றைய இயந்திரங்களில் உண்டு. ஆனால் ஆக்சிஜன் என்று பெயரிட்ட குழாயில் வேறு வாயு வந்தால் அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. ஆக்சிஜனின் அளவை நேரடியாக அளந்து காட்டும் ஆக்சிஜன் அனலைசர் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் எந்த நாளையும் தொடங்காதீர்கள்.

இரண்டாம் படி: ‘மேக்’ என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

வாயுக்களின் வீரியத்தை ஒப்பிட நாம் ‘மேக்’ என்ற அளவைப் பயன்படுத்துகிறோம். ஒரு வளிமண்டல அழுத்தத்தில், தோலைக் கீறும்போது நோயாளிகளில் பாதிப்பேர் அசையாமல் இருக்கத் தேவைப்படும் காற்றறைச் செறிவே ஒரு மேக். 1960-களில் எட்மண்ட் ஈகரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை நிலைநாட்டினார்கள். நடுவயதினருக்கு ஹாலோத்தேனின் மேக் 0.75 சதவீதம், ஐசோஃப்ளூரேனுடையது 1.15, செவோஃப்ளூரேனுடையது ஏறத்தாழ 2, டெஸ்ஃப்ளூரேனுடையது ஏறத்தாழ 6. நைட்ரஸ் ஆக்சைடுக்கோ 104. அதாவது சாதாரண அழுத்தத்தில் அதை மட்டும் கொடுத்து ஒருவரை முழு மயக்கத்தில் ஆழ்த்த முடியாது. 1845-இல் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் பாஸ்டனில் அதைக் கொடுத்துப் பல் பிடுங்கிக் காட்டியபோது நோயாளி அலறியதற்கும், மறு ஆண்டு அக்டோபர் 16 அன்று அதே நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொடுத்து வென்றதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பெருமளவு இந்த ஓர் எண்ணே விளக்கிவிடும்.

வரையறையில் உள்ள ‘பாதிப்பேர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மேக்கில் மீதிப் பாதி அசைவார்கள். 100-இல் 95 பேர் அசையாதிருக்க ஏறத்தாழ 1.3 மேக் வேண்டும். மேலும், அசைவை அடக்குவது பெரும்பாலும் தண்டுவடத்தில் நடக்கிறது. நினைவை மறைப்பது மூளையில் நடக்கிறது, அதற்கு மூன்றில் ஒரு மேக் அளவே பெரும்பாலோருக்குப் போதும். தசைதளர்த்தி மருந்து கொடுத்துவிட்டால் நோயாளி எப்படியும் அசைய மாட்டார்; எனவே அசையவில்லை என்பதை வைத்து அவர் உணர்வற்று இருக்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது. வேப்பரைசர் தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் விடுவது எவ்வளவு கொடுமை என்பது இந்த இடத்தில்தான் விளங்கும்.

மேக் அளவுகள் ஒன்றோடொன்று கூடும். 52 சதவீத நைட்ரஸ் ஆக்சைடு பாதி மேக், 1 சதவீத செவோஃப்ளூரேன் பாதி மேக், இரண்டும் சேர்ந்தால் ஒன்று. 40 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டுக்கும் தேவை ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. கைக்குழந்தைகளுக்கு அது மிக அதிகம். கர்ப்பம், உடல் குளிர்தல், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநீக்கி மருந்துகள், அன்றைக்குக் குடித்த மது ஆகியவை தேவையைக் குறைக்கும். நாள்பட்ட குடிப்பழக்கமும் காய்ச்சலும் கூட்டும். ஆணா பெண்ணா என்பதோ, அறுவை எத்தனை மணி நேரம் நீள்கிறது என்பதோ இதைப் பெரிதாக மாற்றுவதில்லை.

மூன்றாம் படி: வாய்க்காலும் கடைமடையும்

ஒரு வாயு மூளையை எவ்வளவு விரைவில் எட்டும் என்பதை அதன் வீரியம் தீர்மானிப்பதில்லை, இரத்தத்தில் அது கரையும் தன்மையே தீர்மானிக்கிறது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: நன்றாகக் கரைந்தால் விரைவில் மயங்குவார் என்று நினைக்கிறார்கள். மதகைத் திறந்துவிட்ட தண்ணீரை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் மணற்பாங்காக இருந்தால் தரை குடித்தது போக மிஞ்சியதுதான் கடைமடைக்குப் போகும்; தரை நன்றாக நனையும்வரை கடைசி வயல்காரர் காத்திருக்க வேண்டியதுதான். சிமெண்டு பூசிய வாய்க்காலில் விட்ட தண்ணீர் விட்டபடியே ஓடும். இரத்தம்தான் இங்கே வாய்க்கால், மூளை கடைமடை.

கரைதிறனைக் காட்டும் இரத்த-வாயுப் பங்கீட்டு எண் ஈதருக்கு 12; அதனால்தான் ஈதர் காலத்தில் ஒருவரை உறங்க வைக்கவும் எழுப்பவும் அத்தனை நேரம் பிடித்தது. ஹாலோத்தேனுக்கு 2.4, ஐசோஃப்ளூரேனுக்கு 1.4, செவோஃப்ளூரேனுக்கு 0.65, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 0.47, டெஸ்ஃப்ளூரேனுக்கு 0.42. இந்த வரிசையில் கீழே வர வர நோயாளி விரைவில் உறங்குவார், விரைவில் விழிப்பார்.

வாய்க்காலில் ஓட்டத்தின் வேகமும் உண்டு. இதயம் நிமிடத்துக்கு நிறைய இரத்தத்தைத் தள்ளும்போது, பயந்துபோன இளைஞரிடம் நடப்பதுபோல், காற்றறையிலிருந்து வாயு விரைவாக அள்ளிச் செல்லப்படுவதால் அங்கே அழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். இரத்தம் இழந்து அதிர்ச்சி நிலையில் வரும் நோயாளியிடம் இதற்கு நேர்மாறு: இதய வெளியேற்றம் குறைவு, காற்றறையில் செறிவு மளமளவென்று ஏறுகிறது, வருகிற கொஞ்ச இரத்தமும் மூளைக்கும் இதயத்துக்குமே முதலில் போகிறது. வழக்கமாக வைக்கும் டயலே அவருக்கு அதிகப்படி மருந்தாகிவிடும். இந்த ஒரு நிலையைப் புதியவர்கள் திரும்பத் திரும்ப மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இந்தப் பயணத்தில் நமக்குக் கிடைக்கும் நம்பகமான சாட்சி, நோயாளி மூச்சை விட்டு முடிக்கும் கடைசிக் கணத்தில் அளக்கப்படும் செறிவு. மானிட்டரில் ‘எண்டு டைடல்’ என்று வருவது அதுதான். தொடக்கத்தில் டயல் 4 என்றும், உள்மூச்சு 3 என்றும், எண்டு டைடல் 1.2 என்றும் காட்டலாம். மூன்றும் நெருங்கி வருவதைச் சில நிமிடங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள். பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயம் உங்கள் கண்முன் நடக்கும்.

நான்காம் படி: ஒரு குழந்தையை உறங்க வைத்தல்

நான்கு வயதுக் குழந்தை, ஊசியைக் கண்டாலே அழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணமும் எரிச்சலும் குறைந்த செவோஃப்ளூரேன்தான் இங்கே ஏற்றது. ஐசோஃப்ளூரேனும் டெஸ்ஃப்ளூரேனும் தொண்டையை அறுக்கும் நெடி உடையவை, அவற்றை மாஸ்க்கில் கொடுத்தால் இருமலும் மூச்சடக்கலும் குரல்வளை இறுக்கமும் வரும். அனுமதி இருந்தால் குழந்தை அம்மாவின் மடியிலேயே இருக்கட்டும். மாஸ்க்கை முகத்தில் அழுத்தாமல் முதலில் அருகில் பிடித்து, ஆக்சிஜனோடு நைட்ரஸ் ஆக்சைடைக் கலந்து, பிறகு செவோஃப்ளூரேனை 8 சதவீதம்வரை ஏற்றலாம். இலக்கு 2-ஆக இருக்கும்போது 8 எதற்கு என்றால், மணல் குடிக்கும் பங்கையும் சேர்த்துத்தான் மதகைத் திறக்க வேண்டும்.

ஒரு நிமிடத்துக்குள் தலை சாயும், இமை மயிரைத் தொட்டால் சிமிட்டாது. அதையடுத்து ஒரு கட்டம் வரும்: மூச்சு ஒழுங்கற்றுப் போகும், கைகால் உதறும், இரு விழிகளும் வெவ்வேறு பக்கம் விலகி நிற்கும். ஆர்தர் கெடல் ஈதரை வைத்து வகுத்த நான்கு நிலைகளில் இது இரண்டாவது, கிளர்ச்சி நிலை. அம்மா இதைப் பார்த்துப் பதறக்கூடும். முன்பே சொல்லி வைத்திருந்தால் பதற மாட்டார். இந்தக் கட்டத்தில் ஊசி குத்துவதோ, வாயில் குழாய் நுழைப்பதோ, உரக்கப் பேசுவதோ கூடாது, குரல்வளை இறுகிக்கொள்ளும். விழிகள் நடுவுக்கு வந்து, மூச்சு சீராகி, மாஸ்க்குக்குக் கீழே தாடையைப் பிடித்திருக்கும் விரலுக்குத் தசை தளர்ந்தது தெரிந்த பிறகே மற்றொருவர் ஊசி போடலாம். டயலைக் குறைக்க மறந்துவிடாதீர்கள். 8-ஐ 8-ஆகவே விட்டுவிட்டு ஊசி போட இரத்த நாளத்தைத் தேடிக்கொண்டிருப்பதே புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. குழந்தையின் நாடித்துடிப்பு குறைவதுதான் அப்போது கிடைக்கும் முதல் எச்சரிக்கையாக இருக்கும்.

ஐந்தாம் படி: உடலில் என்ன நடக்கிறது

மூச்சிலிருந்து தொடங்குவோம். ஆவி வகை மருந்துகள் எல்லாமே ஒரு மூச்சின் அளவைக் குறைத்து, மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. எண்ணிக்கை கூடினாலும் ஈடாகாது. கார்பன் டைஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். ஆக்சிஜன் குறையும்போது உடல் தானாக மூச்சைக் கூட்டும் அனிச்சைச் செயல், பத்தில் ஒரு மேக் அளவிலேயே மழுங்கிவிடுகிறது. அதாவது பேச்சுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு விழித்துவிட்ட நோயாளியிடமும் அந்தக் காவல் இன்னும் பணிக்குத் திரும்பியிருக்காது. மறுபக்கம், இவை மூச்சுக்குழல் தசையைத் தளர்த்துகின்றன. ஆஸ்துமா உள்ளவருக்குச் செவோஃப்ளூரேன் நல்ல துணை.

இரத்த ஓட்டத்தில், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் மூன்றும் முக்கியமாக இரத்தக் குழாய்களை விரித்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன; ஹாலோத்தேன் இதயத் தசையின் இயக்கத்தையே மந்தமாக்கிக் குறைத்தது. ஐசோஃப்ளூரேனில் நாடி சற்று விரைவாகும். டெஸ்ஃப்ளூரேனைச் சட்டென்று உயர்த்தினால் நாடியும் அழுத்தமும் ஒருசேர எகிறும். அதை மயக்கம் போதவில்லை என்று தவறாக எண்ணி இன்னும் உயர்த்துபவர்கள் உண்டு. இதய நோயாளியிடம் அது விபரீதம். ஹாலோத்தேன் இருக்கும்போது அட்ரினலின் செலுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இந்த இடத்தில் நம் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். குளோரோஃபார்ம் சாவுகள் மூச்சு நிற்பதாலா, இதயம் நிற்பதாலா என்ற சர்ச்சையைத் தீர்க்க, 1888-லும் 1889-லும் ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற மருத்துவரின் முன்னெடுப்பில், நிஜாமின் ஆதரவோடு, விலங்குகளில் சோதனைகள் நடந்தன. மூச்சைக் கவனித்தால் போதும், இதயம் முதலில் நிற்காது என்று அந்தக் குழுக்கள் முடிவு சொல்லின. 1911-இல் கூட்மன் லெவி, லேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலேயே இதயக் கீழறைகள் துடிதுடித்து நின்றுபோகக்கூடும் என்று காட்டினார். ஒரு விரல் நாடியில், ஒரு கண் மார்பின் அசைவில் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மூத்தவர்கள் இந்தச் சண்டையின் இரு தரப்பையும் ஒருசேர மதித்தவர்கள்.

மூளையின் ஆக்சிஜன் தேவையை இவை குறைக்கின்றன. ஆனால் ஒரு மேக்குக்கு மேல் மூளைக்கான இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால், தலைக்காயம் உள்ளவருக்குத் தாராளமாகக் கொடுக்கக் கூடாது. கருப்பைத் தசையைத் தளர்த்தும். சிசேரியனில் குழந்தை வெளியே வந்ததும் அளவைக் குறைக்காவிட்டால் இரத்தப்போக்கு கூடும். தசைதளர்த்தி மருந்துகளின் வேலையை நீட்டிக்கும். கல்லீரலைப் பொறுத்தவரை, உடலில் சிதைவுறும் பங்கைப் பார்த்தாலே போதும்: ஹாலோத்தேனில் ஏறத்தாழ 20 சதவீதம், செவோஃப்ளூரேனில் 2 முதல் 5, ஐசோஃப்ளூரேனில் 0.2, டெஸ்ஃப்ளூரேனில் 0.02. ஹாலோத்தேனுக்குப் பின் சிலருக்கு வந்த கடும் கல்லீரல் அழற்சி, 1956-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த மருந்தை ஓரங்கட்டிய காரணங்களில் ஒன்று.

நைட்ரஸ் ஆக்சைடைத் தனியே பேச வேண்டும். அது இரத்தத்தில் நைட்ரஜனைவிட ஏறத்தாழ 34 மடங்கு கரையக்கூடியது. ஆகவே உடலுக்குள் அடைபட்ட காற்றுப் பை எதுவானாலும், நைட்ரஜன் வெளியேறுவதைவிட வேகமாக இது உள்ளே புகுந்து அதை ஊதவைக்கும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கோத்திருப்பவர், குடல் அடைப்பு உள்ளவர், நடுச்செவி அறுவை செய்துகொள்பவர், கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைக்கப்பட்டவர் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது. கண் அறுவை வாரக்கணக்கில் முன்பு நடந்திருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது வைட்டமின் பி12-ஐச் செயலிழக்கச் செய்வதால், ஏற்கெனவே அந்தக் குறை உள்ளவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வரலாம். குமட்டலையும் கூட்டும்.

ஆறாம் படி: அரிதானது, ஆனால் காத்திருக்காது

மரபுவழியில் எலும்புத் தசையில் ஒரு குறைபாடு உள்ள சிலருக்கு, ஆவி வகை மருந்து எதுவானாலும், சக்ஸமெத்தோனியம் என்ற தசைதளர்த்தி மருந்தும், தசைகளைக் கட்டுக்கடங்காமல் எரியவைக்கும் கொடிய காய்ச்சலை (மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா) தூண்டும். நைட்ரஸ் ஆக்சைடு தூண்டாது. காய்ச்சல் என்ற பெயரைப் பார்த்து வெப்பநிலைக்காகக் காத்திருக்காதீர்கள். அது பெரும்பாலும் பிறகே ஏறும். மூச்சைக் கூட்டிக் கொடுத்தும் கார்பன் டைஆக்சைடு ஏறுவது, காரணமற்ற நாடி வேகம், தாடை இறுக்கம், வெளிமூச்சின் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் டப்பா தொட்டால் சுடுவது ஆகியவை முந்தி வரும். உடனே உதவிக்கு அழைத்து, ஆவியை நிறுத்தி, 100 சதவீத ஆக்சிஜனை அதிவேகத்தில் கொடுக்க வேண்டும். மாற்று மருந்து டான்ட்ரோலின், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். வழக்கமான குப்பி ஒன்றில் 20 மில்லிகிராம்தான். அதை 60 மில்லி மலட்டு நீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணைக்கே எட்டுக் குப்பிகள்! குலுக்குவதற்கு மட்டும் இரண்டு மூன்று பேர் வேண்டும். உங்கள் மருத்துவமனையில் அது எந்த அலமாரியில், எத்தனை குப்பி இருக்கிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் யாராவது மயக்க மருந்தின்போது இறந்திருக்கிறார்களா என்ற கேள்வியை எந்த நோயாளியிடமும் கேட்காமல் விடாதீர்கள்.

ஏழாம் படி: எழுப்புதல்

டயலை மூடியதும் அதே வழியில் பயணம் திரும்புகிறது. நீண்ட அறுவையில், அதிலும் பருமனானவரிடம், கொழுப்பும் தசையும் மருந்தைச் சேமித்து வைத்திருக்கும். மருந்து ஐசோஃப்ளூரேனாக இருந்தால் சற்று முன்கூட்டியே குறைக்கத் தொடங்க வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடை நிறுத்தியவுடன் அது இரத்தத்திலிருந்து பெருமளவில் காற்றறைக்குள் கொட்டி, அங்குள்ள ஆக்சிஜனை நீர்த்துப்போகச் செய்யும். எனவே ஐந்து முதல் பத்து நிமிடம் 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்காமல் நோயாளியை நகர்த்தக் கூடாது. கிளர்ச்சி நிலை திரும்பும் வழியிலும் உண்டு. மூச்சுக்குழாய் டியூப்பை ஆழ்ந்த மயக்கத்தில் எடுக்கலாம், நன்றாக விழித்த பிறகும் எடுக்கலாம்; இரண்டுக்கும் இடையில் எடுக்கக் கூடாது. செவோஃப்ளூரேனிலிருந்து எழும் குழந்தைகள் சிலர் யாரையும் அடையாளம் தெரியாமல் கதறுவார்கள்; வலியில்லை என்று உறுதிசெய்துகொண்டு, காயம் படாமல் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் தானே அடங்கும்.

அறையில் இருப்பவர்களும் இந்தக் காற்றையே சுவாசிக்கிறார்கள் என்பதால், கழிவு வாயுவை வெளியேற்றும் குழாய் இணைந்திருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள். வெளியேறிய வாயு வானத்தில் போய்த் தங்குகிறது: நூறாண்டுக் கணக்கில் டெஸ்ஃப்ளூரேன், அதே எடையுள்ள கார்பன் டைஆக்சைடைப்போல் 2,500 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஸ்காட்லாந்து 2023-இல் அதன் வாடிக்கையான பயன்பாட்டைக் கைவிட்டது; ஐரோப்பிய ஒன்றியம் 2026 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்தியிருக்கிறது.

செலவைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு: வாயு ஓட்டம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டரோ அதை டயலின் சதவீதத்தால் பெருக்கி, 3-ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரத்தில் தீரும் திரவம் ஏறத்தாழ எத்தனை மில்லி என்பது கிடைக்கும். 6 லிட்டர் ஓட்டத்தில் 2 சதவீதம் என்றால் 36 மில்லி. அதையே 1 லிட்டருக்குக் குறைத்தால் 6 மில்லி. ஓட்டத்தைக் குறைக்கும்போது எண்டு டைடலும் ஆக்சிஜன் அனலைசரும் சோடா லைமும் சரியாக இருக்க வேண்டும். உலர்ந்துபோன சோடா லைமில் டெஸ்ஃப்ளூரேன் பட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதனால் வார இறுதியில் யாரோ ஆக்சிஜனை மூடாமல் போய், திங்கட்கிழமை காலையில் இயந்திரம் சீறிக்கொண்டிருந்தால், டப்பாவிலுள்ள நிறம் மாறாமல் இருந்தாலும் சோடா லைமை மாற்றிவிட்டே முதல் நோயாளியை உள்ளே அழையுங்கள்.